பொய் வராத மேஜர்

பொய் சொல்வதற்குப் பாடம் நடத்திய ஒரே மலேசியத் தமிழன் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். அதிலும் சம்பளம் வாங்காமல். அதிலும் ஒரு ராணுவ அதிகாரிக்கு. அதிலும் அவர் தன் மனைவியிடமே சொல்வதற்கு. இந்த மூன்று முட்டாள்தனங்களில் எது பெரியது என்பதில் எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அவள் நான்காவதாக ஒன்றைச் சொல்கிறாள்: என்னைக் கட்டிக்கொண்டது. அது அவளுடைய முட்டாள்தனம். என் கணக்கில் சேராது.

தகுதி இல்லாமல் பாடம் நடத்தவில்லை. கிள்ளானில், மேருவுக்குப் போகும் சாலையில், பழைய கார் வாங்கி விற்கிறேன். நாங்கள் அதைக் காடி என்போம். வெள்ளத்தில் முழுகி எழுந்த வண்டியை, "நல்லா உள்ள வரைக்கும் கழுவின காடி, பாஸ்" என்று சொல்லி விற்றவன் நான். ஓனர் செத்துப்போயிருந்தால், "அவர் இப்ப ஓட்டறதில்ல" என்பேன். அது பொய்யே இல்லை, பாருங்கள். என் திறமை அங்கேதான் இருக்கிறது.

என் பக்கத்து வீட்டில் குடியிருந்தார் மேஜர். இப்போது சரவாக்கில் போஸ்டிங், குடும்பத்தோடு போய்விட்டார். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "ஏண்ணே என் பேரைச் சொன்னீங்க?" என்று கேட்பார். நான் "சொல்லலையே" என்பேன். அவர் அமைதியாக என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நான் பலமுறை வாங்கியிருக்கிறேன், போதும்.

உயரமான, ஒல்லியான மனிதர். வீட்டில் போடும் ரப்பர் செருப்பைக்கூடத் துடைத்து ஜோடியாக நிறுத்துவார். குரல் உயராது. அவரிடம் ஒரே ஒரு குறை: பொய் வராது. சொல்லக்கூடாது என்று கொள்கை வைத்திருக்கிறவர் அல்ல. அப்படியென்றால் பேசிச் சரிக்கட்டியிருக்கலாம். சிலருக்கு விசில் வராது, சிலருக்குச் சைக்கிள் வராது. இவருக்குப் பொய் வராது. முயன்றால் இடது காது தானாக ஆடும். மாட்டின் காதில் ஈ உட்கார்ந்தால் ஆடுமே, அதைப் போல.

இது எனக்குத் தெரியவந்த விதம் வேதனையானது. தன்னுடைய பழைய வெள்ளைக் காடியை விற்றுத் தரச் சொல்லி என்னிடம் விட்டிருந்தார். சாலாக் செலாத்தானிலிருந்து ஒரு சீன அங்கிள் பார்க்க வந்தார். நான் என் கச்சேரியைத் தொடங்கினேன். ஒரே ஓனர், அஸ்கார் காடி, அதாவது ராணுவக்காரர் ஓட்டியது, ஸ்மூத்தா போகும், எஞ்சின் சத்தமே கேட்காது. மேஜர் பக்கத்தில் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில், அழகான மலாயில், அங்கிளிடம் சொல்ல ஆரம்பித்தார்.

ஏர்கான் மழை நாளில் மட்டும்தான் குளிரும். ரிவர்ஸ் போட்டால் பூனை மாதிரி ஒரு சத்தம் வரும். பின் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். இடது பக்கம் ஒருமுறை தூணில் இடித்தது, இடித்தது நான்தான், தூண் மேல் தப்பில்லை.

நான் அவர் காலை மிதித்தேன். குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, என் காலை மிதிச்சிட்டு இருக்கீங்க" என்றார்.

அங்கிள் அந்தக் காடியை வாங்கினார். நான் சொன்ன விலைக்கு இல்லை, மேஜர் சொன்ன விலைக்கு. கொடுமை அதோடு முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த அங்கிள் தன் தம்பியைக் கூட்டிவந்தார், மச்சானைக் கூட்டிவந்தார். ஒவ்வொரு முறையும் கடைக்குள் எட்டிப் பார்த்து ஒரே கேள்வி: "அந்த அஸ்கார் எங்கே? அவர் வரட்டும், அப்புறம் காடி பார்க்கிறேன்." சொந்தக் கடையில் நான் எடுபிடியானது அப்படித்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு எங்கள் இரண்டு குடும்பமும் ஒருமுறை போனோம். கடைக்காரர் வந்து, "எப்படிண்ணே மட்டன்?" என்று கேட்டார். உலகம் முழுக்க அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. மேஜர் யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்த்ததுமே அவர் மனைவி தண்ணீர்க் கோப்பையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"உப்பு ரெண்டு தடவை போட்டிருக்காங்க. முதல் தடவையோட நிறுத்தியிருக்கலாம்."

கடைக்காரர் முகம் சுருங்கியது. ஆனால் சமையல்கட்டிலிருந்து ஓர் அம்மா கரண்டியோடு வெளியே வந்து, "நான் போட்டுட்டேன்னு சொன்னேன், இந்த மனுசன் கேட்டாதானே! மேல கொண்டாந்து கொட்டினாரு!" என்று கூவினார். அன்றைக்கு எங்கள் நால்வருக்கும் பாயசம் இனாம். உண்மை பேசினால் பாயசம் கிடைக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு இனிப்பு ஆகாது.

இப்படிப்பட்டவரை யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்பீர்கள். அவர் மனைவி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழிலிருந்து மலாய், மலாயிலிருந்து ஆங்கிலம், எல்லாத் திசையிலும். பெண் பார்க்க வந்த அன்று, பெண்ணின் அம்மா மரியாதைக்கு, "எங்க பொண்ணை நல்லா வெச்சிக்குவீங்கல்ல?" என்று கேட்டாராம். மாப்பிள்ளை, "முயற்சி பண்ணுவேன். பாதி தீபாவளிக்கு வீட்ல இருக்க மாட்டேன். குறட்டை விடுவேன்" என்றாராம். பெண் உள்ளேயிருந்தே சம்மதம் சொல்லிவிட்டார்.

"நாள் முழுக்க கோர்ட்ல நிக்கிறேண்ணே," என்று அவர் ஒருமுறை என்னிடம் சொன்னார். "‘எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்கய்யா’ங்கிறதை மலாயில சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கறேன். வீட்டுக்கு வந்தா ஒரு ஆளாவது நிஜம் பேசட்டும்னுதான் இவரைக் கட்டிக்கிட்டேன். வேற என்ன இருக்கு இவர்கிட்ட?"

மேஜர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். "அழகில்ல" என்று ஒத்துக்கொண்டார்.

மேஜரைத் தெற்கு லெபனானுக்கு அனுப்பினார்கள். அமைதிப்படை. நீலத் தொப்பி போட்டுக்கொண்டு, சண்டை போடுகிற இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கும் வேலை. அப்போது அவர் மனைவிக்கு இரண்டாவது மாதம். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு வந்த குழந்தை. கிளம்புகிற அன்று எல்லோரும், "ஒண்ணும் ஆகாது, பத்திரமா போய்ட்டு வாங்க" என்றோம். அவர் மட்டும், "ஆகாதுன்னு நினைக்கிறேன்" என்றார்.

முதல் சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காகவே போயின. அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம், இங்கே மாலை. அவர் மனைவி வேலை முடிந்து வந்து தேநீர் போடும்போது வீடியோவில் வருவார். வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் எனக்கும் குரல் கேட்கும். ஒட்டுக் கேட்கவில்லை. என் செடிகளுக்கு நிறையத் தண்ணீர் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அந்தப் பேச்சில் காதல் வசனம் எதுவும் இருக்காது. ஆலிவ் மரம் பார்த்தேன், நம்ம நெல்லி மாதிரி இருக்கு, ஆனா கசக்குது. ஒரு பையன் ரொட்டிச்சானாய் போட்டான், வட்டமா வரல. ஆனாலும் போனை வைத்ததும் அவர் மனைவி முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அந்த மனிதர் நன்றாக இருக்கிறேன் என்றால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். இந்த நிம்மதி எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்?

பிறகு எல்லையில் சண்டை மூண்டது. இங்கே அவர் மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறியது. மனதைக் கலக்கும் செய்தி எதுவும் வேண்டாம் என்று டாக்டர் எச்சரித்துவிட்டார்.

ஒருநாள் கடையில் இருக்கும்போது மேஜரிடமிருந்து அழைப்பு.

"அண்ணே, ஒரு உதவி."

"சொல்லுங்க மேஜர். காடியா?"

"இல்லண்ணே. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"அது ஊருக்கே தெரியுமே."

"கத்துக்கணும். தெரிஞ்சவங்கள்ல உங்களை விட்டா ஆள் இல்ல."

என் தொழில் வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. அவர் வாயிலிருந்து வந்ததால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். நெஞ்சு விம்மி, உடனே சம்மதித்தேன்.

"முதல் பாடம், மேஜர். பொய் குட்டையா இருக்கணும். காடி மாதிரிதான். பாகம் குறைஞ்சா ரிப்பேர் குறையும்."

"சரி. எவ்வளவு நேரம் பழகணும்?"

அன்று மாலையே வீட்டில் உட்கார்ந்து வீடியோவில் ஒத்திகை. நான் அவர் மனைவியாக நடித்தேன். "என்னங்க, சாப்டீங்களா?" என்று குழைந்தேன். பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, "இந்தக் குரல்ல என்கிட்ட ஒரு நாள் கேட்டதுண்டா?" என்றாள்.

"அங்க எப்படிங்க இருக்கு?"

"அமைதியா இருக்கு," என்றார் மேஜர். ஒரு வினாடி தாங்கினார். "நேத்தைக்கு இன்னிக்கு பரவாயில்ல."

"அந்த ரெண்டாவது வரியை வெட்டுங்க!"

"அது இல்லாட்டி பொய்யாயிடுமேண்ணே."

"அதுக்குத்தானே லா இவ்வளவு நேரம் கத்திட்டு இருக்கேன்!"

இடது காது படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. சிக்னல் சரியில்லாத நேரத்தில்கூட, முகம் உறைந்துபோனாலும் காது மட்டும் ஓடுவதாகவே எனக்குத் தோன்றியது. "முதல்ல அந்தக் காதை மறைங்க மேஜர்," என்றேன். இந்த ஒரு வரி என்ன செய்யப்போகிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் மாலை செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். பேச்சு நன்றாகவே தொடங்கியது. திடீரென்று போனுக்குள் டம்மென்று ஒரு சத்தம்.

"என்னங்க அது?"

"கதவு."

குட்டையாக இருந்தது. என் மாணவனை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

டம்.

"இது?"

"இன்னொரு கதவு."

டம், டம்.

"எத்தனை கதவுங்க உங்க கேம்ப்ல?"

"பெரிய கேம்ப்," என்றார்.

"சரி. எதுக்கு ஹெல்மெட் போட்டிருக்கீங்க?"

நான் தண்ணீர்க் குழாயை என் காலிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். காதை மறைக்கச் சொன்னேன் அல்லவா? ராணுவத்தில் காதை மறைக்க வேறு என்ன கொடுப்பார்கள்? நீலநிற இரும்புச் சட்டியைக் கவிழ்த்து, தாடையில் வாரும் மாட்டிக்கொண்டு, "இங்க எல்லாம் ஸ்மூத்தா போகுது" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

போன் பேசி முடித்ததும் அவர் மனைவி வேலிப்பக்கம் வந்தார்.

"அண்ணே, உங்க ஸ்டூடண்ட் ஃபெயில்."

"எந்த ஸ்டூடண்டும்மா?" என்றேன் தொழில் பழக்கத்தில்.

"‘ஸ்மூத்தா போகுது’ன்னு அவர் வாயில வருமா? அது நீங்க காடி விக்கிற வசனம்." முதலில் சிரித்தார். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு அவர் சிரிப்பு மட்டும் நின்றது. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "குண்டு விழுதுன்னு சொல்லியிருந்தா பயப்பட்டிருப்பேண்ணே. பயந்துட்டுத் தூங்கியிருப்பேன். இப்ப அவர் ‘நல்லா இருக்கேன்’னா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியலியே. என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதை நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்துட்டீங்க."

எனக்குத் தெரிந்த பதில்கள் எல்லாம் காடி சம்பந்தப்பட்டவை. குழாயை மூடிவிட்டு உள்ளே போனேன்.

அவர் மேஜரிடம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. நம்பியதாகவே நடித்தார். மேஜரும் தினமும் ஹெல்மெட்டோடு வந்தார், அந்தக் கேம்பில் தினமும் கதவுகள் சாத்திக்கொண்டன. என் வாழைச்செடி தண்ணீர் தாங்காமல் அழுகியது.

ஏழாவது மாதத்தில் ரத்த அழுத்தம் எல்லை தாண்டி, கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் படுக்கச் சொல்லிவிட்டார்கள். அவருடைய பெற்றோர் அப்போது உயிரோடு இல்லை. நானும் என் வீட்டுக்காரியும்தான் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கட்டிலில் படுத்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, அவருக்குத் தெரியக்கூடாது."

"ஏம்மா, நீங்கதானே நிஜம் வேணும்னு…"

"அங்க அவரை நம்பி நூறு பசங்க இருக்காங்க. அவர் தலை அங்கதான் இருக்கணும். அது மட்டுமில்ல," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவர் மட்டும்தான் கதவு சாத்துவாரா?"

இந்த அம்மாவுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவைப்படவில்லை. போனை முகத்துக்கு மிக அருகில் பிடித்து, பின்னால் வெள்ளைச் சுவர் மட்டும் தெரியும்படி, "புதுசா பெயின்ட் அடிச்சிருக்கேன்" என்பார். ஒரு காதும் ஆடவில்லை. இருபது வருடத் தொழிலை விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

ஆக, இங்கே ஒருவர், அங்கே ஒருவர், இருவருடைய பொய்க்கும் காவலாக நான். தினமும் மாலை வார்டுக்குப் போய், என் பங்குக்கும் நல்ல செய்தி சொல்வேன். மேஜர் எனக்கு மெசேஜ் போட்டார், சூப்பரா இருக்கார், வெயிட் போட்டுட்டார். மேஜர் மனைவி, "அப்படியாண்ணே" என்று கேட்டுக்கொள்வார்.

ஒருநாள் மிஸ்ஸி என்னை நடைபாதையில் மடக்கினார். இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம். தமிழ்ப் பெண், சின்ன வயது, பெரிய அதிகாரம்.

"அங்கிள், நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன் மாதிரி."

"காலையில பிரஷர் நல்லா இருக்கு. மத்தியானம் நல்லா இருக்கு. சாயந்தரம் நீங்க வந்துட்டுப் போனா ஏறுது. தினமும் பாக்கறேன். நீங்க வராதீங்க லா, ப்ளீஸ்."

மருத்துவ வரலாற்றில் நோய்க்குக் காரணமாகக் கண்டுபிடிக்கப்பட்ட காடி வியாபாரி நான். எனக்குப் பதிலாக என் வீட்டுக்காரி மேலே போனாள். ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். அழுத்தம் இறங்கியது. அதே ஆள் வீட்டில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தால் எனக்கு ஏறும். நான் கீழே கேன்டீனில் உட்கார்ந்தேன். தினமும் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போகலாம்தான். போக முடியவில்லை.

அப்புறம் மேஜரின் அழைப்பு நின்றுபோனது. ஒருநாள் இல்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் கேன்டீன் தொலைக்காட்சியில் செய்தி ஓடியது. அமைதிப்படை முகாம் ஒன்றின் மேல் குண்டு விழுந்திருக்கிறது. எந்த முகாம் என்று சொல்லவில்லை. என் தே தாரிக் டீ மேசையிலேயே ஆறியது. வார்டிலும் தொலைக்காட்சி உண்டு என்பது சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

என் வீட்டுக்காரி கீழே வந்தாள். "அந்தப் பொண்ணு உங்களைக் கூப்பிடுது," என்றாள். மிஸ்ஸி என்னைப் பார்த்தார், ஆனால் தடுக்கவில்லை.

அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போன் மடியில் இருந்தது.

"ஒரே கேள்விண்ணே. அவர் உங்ககிட்ட பேசினாரா?"

பேசினார், சூப்பரா இருக்கார், வெயிட் போட்டுட்டார். எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. கோர்ட்டில் ஆயிரம் பேரைப் பார்த்த கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இல்லம்மா," என்றேன். "மூணு நாளா எனக்கும் ஒண்ணும் இல்ல. மெசேஜ் போட்டார்னு சொன்னதெல்லாம் நானா சொன்னது."

கண்ணை மூடிக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். "உக்காருங்கண்ணே," என்றார். "இனிமே நீங்க இங்கயே உக்காரலாம்."

மறுநாள் மாலை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போது என் போன் அடித்தது. மேஜர். அவசரத்தில் போன் ஆரஞ்சுத் தட்டில் விழுந்தது, துடைத்து எடுத்தேன்.

"அண்ணே, நான்தான். லைன் இல்ல இத்தனை நாளா. அவ நியூஸ் பாத்திருப்பா. நேரா அவளைக் கூப்பிட பயமா இருக்கு. எப்படி இருக்கா? எங்க இருக்கா?"

நேற்றுத்தான் உண்மை பேசியவன் நான். ஆனால் அவருக்குத் தெரியக்கூடாது என்று எனக்கு உத்தரவு இருக்கிறதே! இருபது வருடத்து வாய் தானாகத் திறந்தது. "நல்லா இருக்காங்க மேஜர்! கோயிலுக்குப் போயிருக்காங்க!"

அந்த வினாடியில், தலைக்கு மேல் ஒலிபெருக்கி மலாயில் கணீரென்று அறிவித்தது: பார்வையாளர் நேரம் முடிந்தது, அனைவரும் வார்டை விட்டு வெளியேறவும்.

மேஜருக்கு மலாய் நன்றாகவே தெரியும்.

"கோயில்ல விசிட்டிங் டைம் வெச்சிருக்காங்களாண்ணே?"

கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டது. "குடுங்க," என்றார் அவர்.

போனை வாங்கி, வீடியோவுக்கு மாற்றி, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகாமல், கையைத் தூரமாக நீட்டிப் பிடித்தார். கட்டில், ஊசிக்குழாய், வீங்கிய கால் எல்லாம் தெரியும்படி. மேஜர் தலையில் ஹெல்மெட் இல்லை. முடியில் சுண்ணாம்பு போல வெள்ளைத் தூசி அப்பியிருந்தது.

"பிரஷர்," என்றார் மனைவி. "ரெண்டு வாரமா இங்கதான் படுத்திருக்கேன். குழந்தை நல்லா இருக்கு. பெயின்ட் அடிக்கல. கால் யானைக் கால் ஆயிடுச்சு. எனக்குப் பயமா இருக்கு. நீங்க சொல்லுங்க."

"தண்ணி டேங்க் பக்கத்துல விழுந்துச்சு. ரெண்டு பசங்களுக்கு அடி, பொழைச்சுக்குவாங்க. நான் பங்கர்ல இருந்தேன்." நிறுத்தினார். "எனக்கும் பயமா இருந்துச்சு."

"கதவு?"

"இங்க கதவே கிடையாது. பாதி இடத்துல கேன்வாஸ்தான் தொங்குது."

அவர் மனைவி அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் என் வீட்டுக்காரி என் கழுத்துச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மிஸ்ஸி அழுத்தம் பார்க்க உள்ளே போனார். திரும்பி வரும்போது புருவத்தை உயர்த்தி என்னிடம், "அங்கிள், இன்னிக்கு என்ன சொன்னீங்க? இறங்கியிருக்கு" என்றார்.

"ஒண்ணும் சொல்லல மிஸ்ஸி."

"அதான்."

அன்றிலிருந்து அந்தக் கணவன் மனைவிக்குள் ஓர் ஏற்பாடு வந்தது. போன் எடுத்ததும் கெட்டது முதலில். அதற்கப்புறம்தான் சாப்பிட்டாயா, தூங்கினாயா. "இன்னிக்கு நாலு விழுந்துச்சு, தூரத்துல" என்பார் அவர். "யூரின்ல புரதம் போகுதாம்" என்பார் இவர். கேட்டுவிட்டு இருவரும் நிம்மதியாக ஆலிவ் மரத்துக்குப் போவார்கள். என் ஜென்மத்தில் இப்படி ஒரு குடும்ப சம்பாஷணையைக் கேட்டதில்லை. சண்டை கொஞ்சம் ஓய்ந்த நாட்களில் கெட்டது எதுவும் அகப்படாமல் மேஜர் திண்டாடுவார். "நல்லா யோசிங்க," என்பார் மனைவி விடாமல். "பூட்ஸ்ல எறும்பு," என்பார் அவர் கடைசியில்.

பெண் குழந்தை கொஞ்சம் முன்னதாகவே பிறந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த குழந்தையை என் போனில்தான் காட்டினேன். வார்டில் எல்லோரும், "அப்பா மாதிரியே இருக்கு, ராஜாத்தி மாதிரி இருக்கு" என்று ஆளுக்கொன்று சொன்னோம். மேஜர் வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"உருளைக்கிழங்கு மாதிரி இருக்கா," என்றார். "என் உருளைக்கிழங்கு."

தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி, "ஐயோ சிரிக்க வெக்காதீங்க, வலிக்குது" என்று கெஞ்சினார்.

மேஜர் திரும்பி வந்த அன்று விமான நிலையத்துக்கு நாங்களும் போனோம். சிப்பாய்கள் வரிசையாக வந்தார்கள். அம்மாக்கள் ஓடினார்கள், மாலைகள், பலூன்கள், ஒரே அழுகை. மேஜர் கடைசி ஆளாக, எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று திரும்பித் திரும்பி எண்ணிக்கொண்டே வந்தார். இன்னும் ஒல்லியாகியிருந்தார். மனைவி முன்னால் வந்து நின்றார். கட்டிப்பிடிக்கவில்லை.

"முழங்கால் வலி," என்றார். "ராத்திரி தூக்கம் சரியா வர்றதில்ல. வந்துட்டேன்."

"தையல் இன்னும் இழுக்குது," என்றார் மனைவி. "வாங்க."

குழந்தையை வாங்கிக்கொண்டார். இரண்டு கையிலும் தட்டில் வைத்திருப்பதுபோல விறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அவருடைய மீசையை எட்டிப் பிடித்தது. என் வீட்டுக்காரி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். நானும் துடைத்திருப்பேன், கையில் மாலை இருந்தது.

மாலையைப் போட்டுவிட்டு, நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்ததில்லையே. இத்தனை மாதமும் ஆஸ்பத்திரி, கேன்டீன், ஆரஞ்சு, மிஸ்ஸியிடம் திட்டு என்று அலைந்தவனுக்கு ஒரு நல்ல வார்த்தை கேட்க ஆசை இருக்காதா? உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். நான் போய் இந்த மனிதரிடம் கேட்டேன்.

"மேஜர், உங்க குடும்பத்தை எப்படிப் பாத்துக்கிட்டேன்?"

அவர் யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்த்து அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகளை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"ரொம்ப சுமாருண்ணே, ஆனா தினமும் போனீங்க."